சாதாரணமாக வசிக்கும் இடம்

இருங்காட்டுக்கோட்டை
21.1.2024

அன்புள்ள அத்தானுக்கு,

பூமாரி எழுதுகிறேன். கயத்தாற்றில் ஏறிய பஸ் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து பஸ் மாறி மாறி ரூமுக்கு வந்து சேர்ந்தேன். மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன்.

வந்ததிலிருந்து போன் போடுகிறேன். நீங்கள் எடுப்பதில்லை. அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டால், "அவன் மாடிக்குப் போயிருக்கான் பிள்ள" என்கிறார்கள். நம் வீட்டுக்கு மாடி கிடையாது. மகனுக்காகப் பொய் சொல்லி அவர்கள் சங்கடப்பட வேண்டாம் என்றுதான் இந்தக் கடிதம். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீங்கள் இரண்டு சொல்வீர்கள். இதில் நான் முடிக்கும்வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மாட்டுப் பொங்கலன்று இலையில் சோறு இருக்கும்போதே அந்தப் பேச்சை எடுத்தது என் தப்பு. வேறு நேரம் பார்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னது தப்பு என்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை. என் ஓட்டை இங்கே, நான் இருக்கிற இடத்துக்கு மாற்றிக்கொள்ளப் போகிறேன் என்றேன். அவ்வளவுதான். நீங்கள் கையை உதறிவிட்டு எழுந்தீர்கள். "பேரை எடுக்கதுன்னா பெட்டியையும் சேத்து எடுத்துட்டுப் போயிரு" என்று அத்தை முன்னால் சொன்னீர்கள். நம் கல்யாணத்துக்குப் பிறகு சாப்பாட்டை வைத்துவிட்டு நீங்கள் எழுந்தது அன்றுதான்.

ஏன் மாற்ற நினைத்தேன் என்று அன்றைக்குச் சொல்ல விடவில்லை. இப்போது சொல்கிறேன்.

என்னோடு ரூமில் இருக்கிற சந்திரலேகாவை உங்களுக்குத் தெரியும். சங்கரன்கோவில் பிள்ளை. காருக்குள் போகிற வயர்களைக் கட்டும் லைனில் எனக்கு அடுத்த இடம் அவளுக்கு. தீபாவளி கழிந்து ஒரு நாள், வேலை முடிந்து பெங்களூர் ரோட்டைத் தாண்டும்போது ஒரு வேன் அவளைத் தட்டிவிட்டது. எங்கள் ரூம் ரோட்டுக்கு இந்தப் பக்கம், கம்பெனி அந்தப் பக்கம். பக்கத்தில் பாலமும் கிடையாது, சிக்னலும் கிடையாது. நடுவில் இருக்கிற சுவரில் ஓர் ஆள் நுழையும் சந்து இருக்கிறது. எல்லோரும் அதன் வழியாகத்தான் போகிறோம். சந்திரலேகாவுக்குத் தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் இனி லைனில் நிற்க முடியுமா என்று டாக்டர் சொல்லவில்லை.

நாங்கள் சில பேர் சேர்ந்து, இந்தப் பக்கத்துக் கட்சிக்காரர் தணிகாசலம் என்பவரைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர்தான். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். நடைமேம்பாலம் வேண்டும், எம்.பி.யிடம் சொல்லுங்கள் என்றோம். "உங்க ஓட்டெல்லாம் எங்கம்மா கீது?" என்று கேட்டார். ஆளுக்கு ஓர் ஊர் சொன்னோம். "நான் பொய் சொல்ல மாட்டேம்மா. ஓட்டு எங்க கீதோ அங்க போய்க் கேட்டாத்தான் வேலை நடக்கும். இங்க உங்களுக்கோசரம் எவன் பேசுவான்?" என்றார்.

ரோடு இங்கே இருக்கிறது. அதை நம் ஊர் எம்.பி.யிடம் போய் எப்படிக் கேட்பது?

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, தபாலில் படிக்கிற என் பி.ஏ.வுக்கான காஞ்சிபுரம் வகுப்பில் நாடாளுமன்றப் பாடம். தொகுதியில் இருக்கிற எல்லோருக்கும் ஜெயித்து வந்தவர்தான் உறுப்பினர் என்று நடத்தினார்கள். ஓட்டுப் போட்டவருக்கும், போடாதவருக்கும், ஓட்டே இல்லாத குழந்தைக்கும். நான் எழுதிக்கொண்டேன். பரீட்சையில் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் தணிகாசலம் சொன்னதும் என் காதில் இருக்கிறது.

உங்களைக் கேட்காமல் மாற்ற எனக்கு உரிமை இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை. பதில் எழுதுங்கள்.

பூமாரி


அனுப்புநர்:
சி. அய்யாத்துரை,
கிளைச் செயலாளர்,
மேலச்செவல்பட்டி.

பெறுநர்:
அ. பூமாரி,
இருங்காட்டுக்கோட்டை.

பொருள்: ஓட்டை மாற்றுவது தொடர்பாக.

2.2.2024

இப்படித்தான் எனக்கு எழுத வரும். கலெக்டருக்கும் தாசில்தாருக்கும் மனு எழுதித்தான் பழக்கம். பொண்டாட்டிக்கு எழுத எவனும் சொல்லித் தரவில்லை.

சந்திரலேகா விஷயம் எனக்குத் தெரியாது. நீ போனில் முழுதாகச் சொல்லவில்லை. "லேசா அடி" என்றுதான் சொன்னாய். அந்தப் பிள்ளைக்குச் சரியாகட்டும்.

ஆனால் நான் சொல்வதையும் கேள். நம் ஊருக்கு வந்துகொண்டிருந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பொங்கலுக்கு நீ வந்தபோது மெயின் ரோட்டு விலக்கில் இறங்கி வெயிலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாயே, அதனால்தான். அதற்காக நான் எத்தனை மனு கொடுத்தேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. கடைசியில் எங்கள் ஒன்றியச் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அய்யாத்துரை, ஒளிக்காமச் சொல்லுதேன். ஒங்க ஊர்ல எளவட்டம் பூராம் திருப்பூருக்கும் மெட்ராசுக்கும் போயிட்டு. மிச்சம் இருக்கது கிழடுகட்ட. ஒரு பூத்துக்கு ஆள் இல்ல. இந்த ஓட்ட வச்சி நான் எவங்கிட்டல பேச?" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போய், வெளியூரில் இருக்கிற பிள்ளைகளை ஓட்டுக்கு மட்டுமாவது வரச்சொல்லுங்கள், பேரை மட்டும் எடுக்கவிடாதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். ஓட்டுக் குறைந்தால் பூத்தைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள். அப்புறம் பஸ் இல்லை, பூத்தும் இல்லை, நாளைக்குப் பள்ளிக்கூடமும் இருக்காது. இப்படிச் சொல்லிக்கொண்டு அலைகிற என் வீட்டிலேயே ஒரு பேர் போனால், நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்?

இது கட்சிக்காரன் சொல்வது.

இனி சொல்வது நான். இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாய். அது வருகிற ஆனியோடு முடிகிறது. நடுவில் பி.ஏ. சேர்ந்தாய். சரி என்றேன். அது மூன்று வருஷம். இப்போது ஓட்டு. அடுத்து ரேஷன் கார்டா? ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போகிறாய். கடைசியில் இங்கே நானும் அம்மாவும்தான் மிஞ்சுவோம்.

இப்படிக்கு,
சி. அய்யாத்துரை


இருங்காட்டுக்கோட்டை
12.2.2024

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மனு கிடைத்தது. சிரித்தேன். பிறகு கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு அழுதேன். லஞ்ச் நேரத்தில் கேன்டீனில் வைத்துப் படித்ததால் லைன் லீடர் பார்த்துவிட்டு, ஊரில் யாருக்காவது முடியவில்லையா என்று கேட்டாள். எங்கள் வீட்டுக்காரருக்குத்தான், காய்ச்சல் என்றேன்.

பொங்கலுக்கு நடந்து வந்தபோது அன்றைக்கு பஸ்ஸைத் தவறவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பஸ்ஸே நின்றுபோனதும் பூத் போகப்போவதும் எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லவில்லை. நான் சந்திரலேகாவின் காலை மறைத்தேன், நீங்கள் பஸ்ஸை மறைத்தீர்கள். நமக்குள் நல்ல விஷயத்தை மட்டும் பேசிப் பேசிப் போன் கட்டணம் கட்டியிருக்கிறோம்.

உங்கள் ஒன்றியச் செயலாளர் சொன்னதையும் தணிகாசலம் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே பேச்சுத்தான். அங்கே ஆள் இல்லாததால் ஊருக்கு எதுவும் கிடையாது. இங்கே ஆள் இருந்தும் ஓட்டு இல்லாததால் எங்களுக்கு எதுவும் கிடையாது. நான் ஒருத்திதான், என்னிடம் இருப்பது ஓர் ஓட்டுத்தான். அதை அங்கே வைத்தால் இந்த ரோடு போகிறது, இங்கே வைத்தால் அந்த பஸ் போகிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இதைக் கேட்டேன். மேடம், "இது சிலபஸ்ல இல்ல" என்று சொல்லிச் சிரித்தார்கள். கேலியாகச் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் பதில் தெரியவில்லை, அதை ஒப்புக்கொண்டார்கள்.

சட்டத்தில் ஒரு சொல் இருக்கிறது. ஒருவர் எங்கே சாதாரணமாக வசிக்கிறாரோ அங்கேதான் அவருக்கு ஓட்டு. சொந்த வீடு எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை. அதைப் படித்ததிலிருந்து, நான் சாதாரணமாக எங்கே வசிக்கிறேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். காலையில் எழுந்திருப்பது இங்கே. தண்ணீர் லாரிக்குக் குடம் வைப்பது இங்கே. காய்ச்சல் வந்தால் படுப்பது இங்கே. ஊருக்கு வருவது பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும். அன்றைக்கு நீங்கள் மீன் வாங்குகிறீர்கள், அத்தை என்னை அடுப்புப் பக்கம் விடுவதில்லை. அது விருந்து. சாதாரணம் இல்லையே.

இதை எழுதியதும் அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. கோபப்படாதீர்கள்.

ரேஷன் கார்டை எடுக்க மாட்டேன்.

பூமாரி


மேலச்செவல்பட்டி
25.2.2024

பூமாரிக்கு,

அங்கன்வாடி டீச்சரிடம் போய் அந்தச் சட்டத்தைக் கேட்டேன். நம் பூத்துக்கு ஓட்டுச் சேர்க்கிற வேலை அவர்களுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். அதற்கென்று வந்த கையேட்டை எடுத்து வாசித்துக் காட்டினார்கள். நீ சொன்னது சரிதான். ஆனால் நீ பாதிதான் சொன்னாய். அதற்குக் கீழேயே இன்னொன்று இருக்கிறது. ஓர் ஆள் தற்காலிகமாக வெளியே போயிருந்தால், அதனாலேயே அவர் அந்த ஊரில் வசிப்பவர் இல்லை என்று ஆகிவிடாது.

தற்காலிகமாக. டீச்சரை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். "எதுக்கு அண்ணாச்சி இத்தன தடவ கேக்கிய?" என்றார்கள். சும்மா என்றேன்.

நீ தற்காலிகமாகத்தான் போயிருக்கிறாய் என்றால், சட்டப்படியே உன் ஓட்டு இங்கே இருக்கலாம். யாரும் எடுக்க முடியாது. ஆகவே, என் கேள்வி இவ்வளவுதான். நீ போயிருப்பது தற்காலிகமா, இல்லையா? ஆம் அல்லது இல்லை என்று எழுது.

விருந்து என்று எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

அய்யாத்துரை


இருங்காட்டுக்கோட்டை
10.3.2024

அன்புள்ள அத்தானுக்கு,

ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லத் தெரிந்திருந்தால் உடனே எழுதியிருப்பேன். தெரியாததால்தான் இத்தனை நாள். இங்கே யாரைக் கேட்டாலும் தற்காலிகம் என்றுதான் சொல்வார்கள். கம்பெனியும் எங்களைத் தற்காலிகம் என்றுதான் வைத்திருக்கிறது. பக்கத்து ரூமில் ஓர் அக்கா கல்யாணமாகாமல் வந்தவர், இப்போது அவர் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. அவரும் தற்காலிகம் என்கிறார். நான் பொய்யாக ஒரு பதில் எழுதி உங்களை நிம்மதியாகத் தூங்க வைக்கலாம். நீங்கள் அப்படிப்பட்ட பதிலைக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஓட்டை மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களிடம் மறைக்க மாட்டேன்.

அது லேசில் நடக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரம்மா முனியம்மாள், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். இந்த ரூம்கள் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் அவர்கள் வேர்க்கடலை போட்டார்களாம். மீதி நிலம் கம்பெனிக்குப் போய்விட்டது. குடியிருப்பதாக ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன். முடியாது என்றுவிட்டார்.

"நெலம் போச்சு. வேலைக்கும் வெளியூர் ஆளத்தான் எடுக்கறான், என் புள்ள செக்யூரிட்டியா நிக்கறான். எங்க கையில மிச்சம் கீறது ஓட்டு ஒண்ணுதான். அதுலயும் நீங்க வந்து குந்திக்கினா, நாளைக்கு இந்த ஊர்ல எங்க பேச்ச எவன் கேப்பான்? நீங்க ஜாஸ்தி, நாங்க கம்மி ஆயிடுவோம்ல?"

பெரும்பான்மை என்று ஒரு பாடம் முழுக்கப் படித்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதில் ஒரு வரி கூடச் சொல்ல முடியவில்லை. "நீங்க சொல்லுதது ஞாயந்தான்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கையெழுத்து இல்லாமல், இருந்த கம்பெனிக் காகிதங்களை மட்டும் வைத்துக் கொடுத்தேன்.

போன வாரம் விசாரிக்க ஆள் வந்தது. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் முனியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பூமாரி என்று யாராவது இங்கே இருக்கிறாரா என்று வந்தவர் அவரைத்தான் கேட்டார். இல்லை என்று சொன்னால் முடிந்தது.

முனியம்மாள் நிமிர்ந்து பார்க்காமலே, "கீது. ராவு பகலு இங்கதான் கீது. பண்டிகைக்கு ஊருக்குப் போவும், மறுபடி இங்கதான் வரும். எழுதிக்கோ" என்றார்.

விசாரிக்க வந்தவர் போனபிறகு முனியம்மாளிடம் நன்றி சொல்லப் போனேன். "எனக்கு ஒண்ணும் சொல்லாத. ரேசன் கடைக்கு நானுந்தான் அந்த ரோட்டத் தாண்டறேன். பாலம் வந்தா நீங்க மட்டுமா ஏறப் போறீங்க?" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் "இங்கதான் கீது" என்றபோது சந்தோஷம் மட்டும் இருக்கவில்லை. யாரோ ஒருவர் என்னை இந்த ஊர்க்காரி என்று முதல் தடவை சொல்கிறார். நான் உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பரீட்சைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. உச்ச நீதிமன்றப் பாடம் மண்டையில் ஏறவில்லை.

பூமாரி


மேலச்செவல்பட்டி
28.3.2024

பூமாரிக்கு,

உன் கடிதம் வந்தது. உடனே எழுதவில்லை. நடுவில் ஒரு வேலையாக வெளியூர் போய்விட்டு வந்தேன்.

டீச்சர் நேற்று வீட்டுக்கே வந்து, உன் பேர் நம் பூத்திலிருந்து போய்விட்டது என்றார்கள். அவர்கள் சொல்லத் தயங்கினார்கள். நானே, "தெரியும் டீச்சர், அவ எங்கட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சா" என்றேன். அப்படிச் சொல்ல முடிந்தது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். நீ சொல்லாமல் செய்திருந்தால் என் நிலைமை வேறு.

அம்மாவிடமும் சொன்னேன். "ஓட்டுதான போச்சு? அவ வருவாள்லா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருவா என்றேன்.

சனிக்கிழமை வேட்பாளர் நம் ஊருக்கு வருகிறார். கொடி கட்ட வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தை விட்டுவிடாதே. அதில் கட்டாயம் ஒரு கேள்வி வரும் என்று டீச்சர் சொன்னார்கள். அவர்களும் ஒரு காலத்தில் தபாலில் இதே பி.ஏ. படித்தவர்களாம். எனக்கு இதுவரை தெரியாது.

அய்யாத்துரை


இருங்காட்டுக்கோட்டை
21.4.2024

அன்புள்ள அத்தானுக்கு,

வெள்ளிக்கிழமை ஓட்டுப் போட்டேன்.

கம்பெனி லீவு விட்டது. முந்தின நாளே எங்கள் வரிசை ரூம்கள் காலியாகிவிட்டன. எல்லோரும் அவரவர் ஊருக்கு பஸ் பிடிக்கக் கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டார்கள். உட்கார இடமில்லாமல் விடிய விடிய நின்றே போனோம் என்று எங்கள் லைன் பாண்டிச்செல்வி இன்று வந்து சொன்னாள். ஓட்டை மாற்றிக்கொண்டு இங்கேயே இருந்தவர்கள் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிட்டோம். இதைக் கண்டா தணிகாசலம் பயப்படுவார் என்று எங்களுக்கே சிரிப்பாக இருந்தது.

ஆனால் அவர் வந்தார். ஓட்டுக்குச் சில நாள் முன்னால் கட்சித் துண்டோடு எங்கள் வாசலுக்கே வந்து கும்பிட்டார். இத்தனை வருஷத்தில் எந்தக் கட்சியும் இந்தச் சந்துக்குள் வந்ததில்லை என்று முனியம்மாளே சொன்னார். "பாலம் மேட்டரு எனக்கு ஞாபகம் கீதும்மா. பாத்துக்கலாம்" என்றார். "என்ன பாக்கப் போறீய, எப்ப பாக்கப் போறீய?" என்று சந்திரலேகா கேட்டாள். கம்பை ஊன்றிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றவள், வெளியே வந்து அவர் எதிரில் நின்று கேட்டாள். அவர் அவள் காலைப் பார்த்தார். பார்த்துவிட்டு, எழுதிக் கொடுங்கள், மேலே சேர்ப்பது என் பொறுப்பு என்றார். எழுதிக் கொடுத்தோம். நீங்கள் மனு எழுதுகிற மாதிரியே அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு நான்தான் எழுதினேன். பாலம் வருமா என்று தெரியாது. கேட்க ஒரு வாசல் கிடைத்திருக்கிறது.

பூத் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில். வரிசையில் எனக்கு முன்னால் முனியம்மாள் நின்றார். மை வைத்த விரலை ஊதிக்கொண்டு வெளியே வந்தபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. நாடே நடத்துகிற காரியத்தில் நானும் ஒரு பொத்தானை அமுக்கினேன் என்று புத்தகத்தில் எழுதலாம். எனக்கு அந்த நேரத்தில் நினைப்பெல்லாம் நம் ஊர் பூத்தில்தான். நீங்கள் கட்சி ஏஜென்ட் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொருவர் பேராகச் சரிபார்க்கும்போது அத்தையின் பேருக்கு அடுத்து ஒரு பேர் இருக்காதே. அப்போது உங்கள் முகம் எப்படி இருந்திருக்கும்?

அங்கே எப்படி நடந்தது என்று எழுதுங்கள்.

பூமாரி


மேலச்செவல்பட்டி
5.5.2024

அன்புள்ள பூமாரிக்கு,

நான் ஏஜென்ட் நாற்காலியில் உட்காரவில்லை. அந்த நாற்காலியில் இந்தத் தடவை நம் கட்சி மாரிமுத்து உட்கார்ந்தான். நான் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். வேட்பாளர் வந்தபோது சால்வை போடவேண்டியது நான். போட்டேன். மைக்கை என்னிடம் கொடுத்து, ஊர் சார்பில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். வழக்கமாக வெற்றி பெறச் செய்வோம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். அன்றைக்கு என்னவோ, "பஸ் எப்ப வரும்னு ஐயா சொல்லிட்டா நல்லாருக்கும். பஸ் இல்லாமப் போனதாலதான் எங்க பிள்ளையெல்லாம் போகுது, பிள்ளையெல்லாம் போயிட்டுன்னு சொல்லி எங்களுக்கு பஸ் தரமாட்டேங்காவ. இதுல எது முந்தி, எது பிந்தின்னு எனக்கு வெளங்கல" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டேன். பொம்பளைகள் எல்லாம் கை தட்டிவிட்டார்கள். வேட்பாளர் சிரித்துக்கொண்டே, பார்க்கிறேன் என்றார். ஒன்றியச் செயலாளர் சிரிக்கவில்லை. மறுநாள், இந்தத் தடவை ஏஜென்ட் வேறு ஆள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கிளைச் செயலாளர் பதவி இன்னும் இருக்கிறது. எத்தனை நாளோ.

எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். வருத்தம்தான். அந்த நாற்காலியில் உட்காருவதற்காக எத்தனையோ பேரைப் பகைத்திருக்கிறேன். ஆனால் நான் அப்படி மைக்கில் கேட்டதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மார்ச் மாதம் வெளியூர் போனேன் என்று எழுதினேன் அல்லவா? நான் வந்தது அங்கேதான்.

முனியம்மாள் உன்னை அந்த ஊர்க்காரி என்று சொன்னதைப் படித்ததும் எனக்கு உட்கார முடியவில்லை. உளுந்து ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போகிற லாரியில் ஏறிவிட்டேன். உன்னைப் பார்த்து, பெட்டியைக் கட்டு, போவோம் என்று சொல்வதாகத்தான் நினைப்பு. வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பூந்தமல்லியில் இறங்கி பஸ் மாறி, நீ எழுதியிருந்த அடையாளம் கேட்டு இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து சேரும்போது மத்தியானம். பஸ் என்னை அந்தப் பக்கம் இறக்கிவிட்டது. உன் ரூம் இந்தப் பக்கம். நடுவில் அந்த ரோடு.

பூமாரி, நான் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன். ரோட்டைக் கண்டு பயந்தது கிடையாது. அந்த ரோட்டைத் தாண்ட எனக்குக் கால் வரவில்லை. ஒரு லாரி போனால் அடுத்த லாரி. கன்டெய்னர், கார் ஏற்றுகிற வண்டி, பஸ், விடவே இல்லை. இரண்டு தடவை காலை வைத்து இரண்டு தடவையும் எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் ஷிப்ட் விட்டது. சாம்பல் நிறச் சட்டை போட்ட பிள்ளைகள் கூட்டமாக வந்து ஓரத்தில் நின்றார்கள். நான் டீக்கடைப் பந்தலுக்குள் நின்றிருந்தேன். எல்லோரும் கையைக் கோத்துக்கொண்டார்கள். முன்னால் நீ நின்றாய்.

நீ கையைத் தூக்கினாய். வருகிற லாரியைப் பார்த்துத் தூக்கினாய். லாரிக்காரன் எதற்கு நிற்பான், எதற்கு நிற்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். பொம்பளைப் பிள்ளை கையைக் காட்டினால் ஹாரன் அடித்துக்கொண்டு போவான். ஆனால் அந்தக் கை தயங்கவில்லை. அவன் நின்றான். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். நீ நடுவில் நின்றுகொண்டு ஒவ்வொருத்தியாகச் சுவர்ச் சந்துக்குள் அனுப்பினாய். கடைசியாக ஒரு வயதான அம்மா பையோடு ஓடிவந்தது. அதையும் கைபிடித்துக் கூட்டிப்போனாய்.

நான் கூப்பிட்டிருந்தால் உனக்குக் கேட்டிருக்கும். கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது? அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஊருக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. நீ ரோட்டைத் தாண்டிப் போய் உன் ரூம் இருக்கிற சந்துக்குள் திரும்புகிறவரை பார்த்துவிட்டு, நான் நின்ற பக்கத்திலேயே வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஊருக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. அம்மா கேட்டதற்கு லோடு என்றேன். இப்போது உனக்குச் சொல்கிறேன்.

தற்காலிகமா என்று நான் கேட்டதற்கு நீ பதில் எழுத வேண்டாம். அந்தக் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டும். நான் அங்கே வந்தால் எனக்கு அங்கே வேலை இருக்குமா, நீ இங்கே வந்தால் உனக்கு இங்கே என்ன இருக்கும் என்று நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு நாள் பேசியதே இல்லை. போனில் வேண்டாம், கடிதத்தில் வேண்டாம். நேரில் பேசுவோமா?

அன்புடன்,
அய்யாத்துரை


இருங்காட்டுக்கோட்டை
13.5.2024

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததே இல்லை.

அவ்வளவு தூரம் லாரியில் வந்து, என்னைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போயிருக்கிறீர்கள். மத்தியானம் ஷிப்ட் விட்டால் நான் ரூமுக்கு வந்துதான் ரசம் வைப்பேன். உங்களுக்கும் சேர்த்து ஓர் ஆழாக்கு அரிசி போட்டிருப்பேனே. சந்திரலேகாவிடம் சொன்னேன். "உங்க வீட்டுக்காரருக்குக் கூறே கிடையாதா?" என்றாள். பிறகு அவளே, "ரோட்ட தாண்ட முடியாம நின்னாரு பாவம்" என்று என்னைச் சமாதானப்படுத்தினாள்.

நான் பயப்படாமல் கையைத் தூக்குகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் பயம்தான். பின்னால் நிற்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது என்று நேராக நிற்கிறேன், அவ்வளவுதான்.

நாற்காலி போனதற்கு வருத்தப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கொஞ்ச நாள் வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் மைக்கில் கேட்ட கேள்வியை நான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அப்படியே சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் கேட்டது என்றேன். வகுப்பு முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. பாதிப்பேர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள், ஒவ்வொருவர் ஊரிலும் ஒரு பஸ் நின்றுபோயிருக்கிறது. மேடம் அன்றைக்குப் பாடம் நடத்தவே இல்லை.

நேரில் பேசுவோம். எனக்கும் அதுதான் வேண்டும். நான் என்ன சொல்வேன் என்று எனக்கே இன்னும் தெரியாது, அதனால் நீங்களும் முடிவெடுத்துக்கொண்டு வராதீர்கள். ஜூனில் எனக்குப் பரீட்சை. அதற்கு முன்னால் வாருங்கள். அத்தையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முனியம்மாளிடம் கேட்டுவிட்டேன், பின்னால் ஒரு ரூம் காலியாக இருக்கிறதாம், தங்கிக்கொள்ளலாம் என்றார். மீன் வாங்க மாட்டேன். நான் தினமும் என்ன சாப்பிடுகிறேனோ அதுதான் உங்களுக்கும்.

பஸ் அந்தப் பக்கம்தான் இறக்கிவிடும். இறங்கியதும் நீங்களாகத் தாண்ட வேண்டாம். அத்தையை வைத்துக்கொண்டு கட்டாயம் வேண்டாம். டீக்கடையில் நின்று எனக்குப் போன் போடுங்கள், நான் அந்தப் பக்கம் வருகிறேன். தாண்டும்போது ஓடக்கூடாது, நடுவில் திரும்பிப் பார்க்கக்கூடாது. அத்தை ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். என் கையை விடாமல் வந்தால் போதும்.

பூமாரி